வாயில்லாச் சாட்சி

இளங்கலை முதலாண்டு மாணவர்க்கு இலக்கணம் தொடங்கும்போது நாம் முதலில் கற்பிப்பது திணைப் பாகுபாடு. மக்களெனக் கருதப்படுவோர் உயர்திணை, ஏனைய யாவும் அஃறிணை என்று தொல்காப்பியர் வரையறுத்தார். பின்வந்த பவணந்தி முனிவர் தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்த்துக்கொண்டார். மாட்டுக்கும் மயிலுக்கும் அங்கே இடமில்லை. கல்லும் மண்ணும் கிடக்கும் பகுதியிலேயே அவையும் வைக்கப்பட்டன. ஆயினும் இலக்கணிகள் ஒரு சாளரத்தைத் திறந்து வைத்துள்ளனர். அதற்குத் திணை வழுவமைதி என்று பெயர். உவப்பின் காரணமாக ஒருவன் தன் பசுவை அம்மை என்றழைத்து, ‘வந்தது’ என்னாமல் ‘வந்தாள்’ என்று முடித்தால் அதனைப் பிழையென்று தள்ளாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது விதி. பதினெட்டு ஆண்டுகளாக இவ்விதியை ஐந்து மதிப்பெண் வினாவாக மட்டுமே நாம் அறிந்திருந்தோம். கார்த்திகை மாதத்து மழைநாள் ஒன்றில் அது வடக்குத்து நெடுஞ்சாலையில் நம் கண்முன் நிகழ்ந்தது.

பண்ருட்டியிலிருந்து வடலூர் செல்லும் நெடுஞ்சாலை எங்கள் ஊரின் ஊடே செல்கிறது. மேற்கே நெய்வேலி நகரியம். தெற்கே சில கல் தொலைவில் வள்ளலாரின் வடலூர். மஃரிபு தொழுகை முடித்து வரும் வழியில் சாலையோரம் கூட்டம் தெரிந்தது. ஒரு பசு விழுந்து கிடந்தது. மோதிய வாகனம் நிற்கவில்லை. பின்னங்கால் இரண்டும் செயலிழந்திருந்தன. நான்கைந்து மாதக் கன்றொன்று தாயின் முகத்தருகே நின்று, என்ன செய்வதென்றறியாமல் அதன் காதை நக்கிக்கொண்டிருந்தது. கூடியிருந்தோர் கைகளில் கைப்பேசிகள் உயர்ந்திருந்தன. தேநீர்க் கடைக்காரர் மட்டும் ஒரு வாளித் தண்ணீரும் ஈரச் சாக்கும் கொண்டு வந்தார். நம்மைப் பார்த்து, “சார், தலையைக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க, தண்ணி உள்ள போகட்டும்” என்றார். பிடித்தோம்.

கால்நடை மருத்துவருக்குச் சொல்லியாயிற்று; அவர் வர நேரமாகும். இதற்கிடையே யாரோ ஒருவர், “யாரு மாடுங்க இது?” என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடியும் கேட்டார். கூட்டத்தின் பின்வரிசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றிருந்தார். அவர் மெல்ல, “யாருதுன்னு தெரியலீங்களே” என்றார்.

அந்தக் குரல் கேட்டதும் பசுவின் இரு காதுகளும் நிமிர்ந்தன. நம் கைகளிலிருந்து தலையை விடுவித்துக்கொண்டு குரல் வந்த பக்கம் திரும்பியது. முன்னங்கால்களை ஊன்றி எழ முயன்றது, முடியவில்லை. அடித்தொண்டையிலிருந்து ஒருமுறை கத்தியது. கைப்பேசிகள் தாழ்ந்தன. ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? வாயுள்ள மனிதர் ஒருவர் பொய் சொன்னார். வாயில்லாதது உண்மையைச் சொல்லிவிட்டது. அம்மனிதர் தலையைக் குனிந்துகொண்டு இருட்டில் நடந்து போனார்.

மருத்துவர் வந்து வலிக்கு ஊசி போட்டார். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, பிழைப்பது அரிது என்று சொல்லிப் போனார். பசுவைப் பலகையில் ஏற்றிச் சாலையோரப் புளியமரத்தடிக்கு நகர்த்தினோம். இரவு பதினொரு மணியிருக்கும். மழை ஓய்ந்திருந்தது. அம்மனிதர் திரும்பி வந்தார், ஒரு கட்டு வைக்கோலுடனும் பிண்ணாக்கு கரைத்த வாளியுடனும். நம்மை அவர் கவனிக்கவில்லை. கவனித்தும் பொருட்படுத்தவில்லை போலும். தரையில் அமர்ந்து பசுவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். “என்னப் பெத்தவளே, மன்னிச்சுக்கடி ஆத்தா” என்றார். பசு பிண்ணாக்கை முகர்ந்தது, குடிக்கவில்லை. அவர் கையை நக்கியது. பஜ்ர் தொழுகைக்கு நாம் போகும்போது அது இறந்திருந்தது. அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். கன்று அவர் முதுகில் சாய்ந்து படுத்திருந்தது.

அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக நாம் இதை எழுதவில்லை. அந்தப் பசுவை நாமும் அறிவோம். பல மாதங்களாக இரவு நேரங்களில் அதே இடத்தில் அது படுத்திருப்பதைக் கண்டிருக்கிறோம். நமது வாகனத்தின் ஒலிப்பானை அழுத்தியிருக்கிறோம். எரிச்சலுடன் ஒதுங்கிப் போயிருக்கிறோம். யாருடையது என்று ஒருநாளும் விசாரித்ததில்லை. விசாரித்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

விடிந்த பிறகு அவர் தம் கதையைச் சொன்னார். நிலம் எடுக்கப்பட்ட ஊர்களில் ஒன்றைச் சேர்ந்தவர். பழைய ஊரில் ஐந்து உருப்படிகள் இருந்தன. மேய்ச்சல் நிலமும் ஏரிக்கரையும் இருந்தன. புதிய இடத்தில் ஒரு மனை; வீடு கட்டியது போக ஒரு கயிற்றுக் கட்டிலுக்குத்தான் இடம். நான்கை விற்றுவிட்டார். இந்த ஒன்றை விற்க மனம் வரவில்லை. கட்ட இடமில்லை, தீவனம் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. காலையில் பால் கறந்துகொண்டு அவிழ்த்துவிட்டார். அவிழ்த்துவிட்ட மாடு மழைக்காலத்தில் தார்ச்சாலையைத்தானே தேடும்? மண் ஈரமாயிருக்கும்போது தார் காய்ந்திருக்கும், பகல் வெப்பமும் சற்றே தங்கியிருக்கும், ஓடும் வாகனங்களின் காற்றில் கொசு அண்டாது. “அபராதம் போடுவாங்க, இடிச்ச வண்டிக்காரன் நஷ்டஈடு கேப்பான்னு பயந்துட்டேன் சார்” என்றார். வேறு எதையும் அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

நிலமெடுப்பில் காலங்காலமாக எதை எதை அளந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கிறோம். 1894ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டத்தின் கீழ் நிலத்துக்கு விலை வைத்தார்கள். அதில் நிற்கும் மரத்துக்கும் பயிருக்கும் விலை வைத்தார்கள். மாடு உடைமையாளனோடு நடந்து வந்துவிடும் அன்றோ? எனவே அதற்குக் கணக்கில்லை. அது எங்கே மேயும், எங்கே படுக்கும் என்ற வினா நெடுங்காலம் எழவேயில்லை. 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்பு, மறுவாழ்வு, மீள்குடியமர்வுச் சட்டத்தின் அட்டவணையில்தான் கால்நடை வைத்திருக்கும் குடும்பத்துக்குக் கொட்டகை அமைக்கக் குறைந்தது 25,000 ரூபாய் என்றும், மீள்குடியமர்வு இடத்தில் மேய்ச்சல் நிலமும் கால்நடைக்குக் குடிநீரும் வேண்டும் என்றும் எழுதப்பட்டன. நூற்றுப்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து மாட்டின் நினைவு வந்திருக்கிறது. அதற்கு முன்னரே ஊரைவிட்டு எழுந்து வந்தவர்களின் மாடுகள் சாலையில் படுத்திருக்கின்றன.

அன்றிரவு எழுந்த ‘யாருடையது?’ என்ற வினா நம்மை விடவில்லை. வீட்டுக்கு வந்து நூல்களைப் புரட்டியபோது, அதே வினா மதீனாவின் தோட்டம் ஒன்றிலும் எழுந்திருப்பது நினைவுக்கு வந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அத்தோட்டத்துள் நுழைந்தபோது அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டு முனகிக் கண்ணீர் வடித்தது. அருகே சென்று தடவிக் கொடுத்து அமைதிப்படுத்திய பின்னர் அவர்கள் கேட்ட முதற்கேள்வி, இது யாருடையது என்பதே. அன்சாரித் தோழர்களுள் இளைஞர் ஒருவர் முன்வந்து, என்னுடையது என்றார். அதைப் பட்டினி போடுவதாகவும் ஓயாது வேலை வாங்கி வருத்துவதாகவும் அது முறையிடுகிறது என்று அவ்விளைஞரிடம் எடுத்துரைத்தார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள செய்தி இது. ஒட்டகத்தின் முறையீடு வழக்காக ஏற்கப்பட்டது என்பதைப் பலரும் எடுத்துச் சொல்கின்றனர். நாம் அந்த இளைஞரையும் நினைக்கிறோம். குற்றம் தம்மீது வரும் என்று தெரிந்தும் ‘என்னுடையது’ என்று முன்வந்தாரே, அதற்கும் ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

தமிழ் மரபிலும் விலங்கு சாட்சியாக வந்து நிற்கிறது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் நீ யார் என்று கேட்கப்பட்ட கண்ணகி, தன் நாட்டின் பெருமையைப் படைபலத்தைக் கொண்டோ செல்வத்தைக் கொண்டோ நிறுவவில்லை. ஒரு புறாவின் துயர் தீர்த்த மன்னனையும், ஒரு பசுவின் கண்ணீர் நெஞ்சைச் சுடத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மன்னனையும் சொல்லித்தான் தன் ஊரைச் சொல்கிறாள். கணவனை இழந்து, நீதி கேட்டு, அழிவின் விளிம்பில் நிற்கும் ஒரு பெண் அந்த வேளையில் புறாவையும் பசுவையும் துணைக்கழைக்கிறாள். மனிதர் நடத்திய நீதிமன்றம் தன் கணவனைக் கொன்றுவிட்ட நிலையில், அரசன் நீதியுள்ளவனா என்பதற்கு அவள் கண்ட உரைகல் அதுவே. பேச வல்லவர்க்கு நீதி வழங்குவதில் அச்சமும் கலந்திருக்கும், ஆதாயமும் கலந்திருக்கும். பேச இயலாததற்கு வழங்கும்போதுதான் வழங்குபவன் இன்னான் என்பது தெரியும்.

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலத்தை நம் துறையில் ஆண்டுதோறும் பாடம் சொல்கிறோம். வேடன் வலையில் சிக்கிய பெண்மான், கன்றுக்குப் பாலூட்டி வருவதாகச் சொல்ல, நபிகள் நாயகம் (ஸல்) அதற்குப் பிணை நிற்கிறார்கள். விலங்காவது, திரும்பி வருவதாவது என்று வேடன் நகைக்கிறான். மானோ தன் இனம் தடுத்தும் கேளாமல் கன்றோடு திரும்பி வருகிறது. மாணவர்கள் தேர்வில் இதனை அற்புத நிகழ்ச்சி என்று எழுதிப் பாதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். மானின் சொல்லை நம்பாத வேடன் தன் இயல்பைக் கொண்டல்லவா மானை அளந்தான்? தான் திரும்பி வரமாட்டான். ஆகவே மானும் வராது என்று எண்ணினான். ஏமாற்றும் நரி, நன்றிகெட்ட பாம்பு என்று விலங்கைப் பற்றி மனிதன் கட்டிய கதைகளில் பெரும்பாலும் அவன் தன் முகத்தையே வரைந்திருக்கிறான். இதற்கு மறுதலையாகத் திருமறையின் ‘எறும்பு’ அத்தியாயத்தைப் பாருங்கள். சுலைமான் நபியின் படை வருவதைக் கண்ட எறும்பு தன் கூட்டத்தைப் புற்றுக்குள் போகச் சொல்கிறது. அவர்கள் அறியாமல் நம்மை மிதித்துவிடக் கூடும் என்கிறது. அறியாமல் என்றொரு சொல்லைச் சேர்த்து, மிதிக்கப் போகும் காலுக்கும் அது நியாயம் வழங்கிவிட்டது. நாமோ அறிந்தே மிதிக்கிறோம்.

எங்கள் பகுதி சுரங்கத்தால் பெயர் பெற்ற பகுதி. 1956இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட நாள்தொட்டு நெய்வேலி என்றால் சுரங்கம் என்றே நாடு அறியும். இது திறந்தவெளிச் சுரங்கம். மண்ணை அகழ்ந்தெடுத்துப் பழுப்பு நிலக்கரியைக் காண்பது. இங்கிலாந்தின் சுரங்கங்களோ பூமிக்கடியில் குடைந்து செல்பவை. அவற்றில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. 1890களில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர், சிறிய உயிர்களை உடன் கொண்டு சென்றால் மனிதனுக்கு முன்னரே அவை நஞ்சை உணரும் என்று சொன்னார். அது முதல் கேனரி என்னும் மஞ்சள் நிறச் சிறுகுருவியைக் கூண்டில் வைத்துச் சுரங்கத்துள் கொண்டு போனார்கள். அதன் மூச்சு விரைவானது. நச்சுக் காற்று மனிதனைத் தாக்குமுன் குருவி மயங்கி விழும், மனிதர் தப்பி ஓடிவிடுவர். 1986இல் மின்னணுக் கருவிகள் அந்த இடத்துக்கு வரும்வரை பிரித்தானியச் சுரங்கங்களில் இவ்வழக்கம் நீடித்தது.

இதை நாம் முதன்முதலில் படித்தபோது மனிதனின் கொடுமைக்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமோ என்று எண்ணினோம். பிறகுதான் அக்கூண்டுகளில் ஒருவகையின் படத்தைக் கண்டோம். கூண்டின் மேலே கைப்பிடிபோல் ஒரு சிறு உருளை, அதனுள் ஆக்சிஜன். குருவி மயங்கியதும் கூண்டுக் கதவை மூடி, உருளையைத் திறந்து அதனை உயிர்ப்பிப்பார்களாம். தன் உயிரைக் காக்க அதன் உயிரைப் பணயம் வைத்தவனே அதன் உயிரை மீட்கவும் ஒரு கருவி செய்திருக்கிறான். நாளெல்லாம் இருட்டில் அக்குருவியோடு சீட்டியடித்துப் பேசிய தொழிலாளர் பலர், கருவி வந்து குருவி போனபோது வருந்தினர் என்றும் படித்தோம். கொடுமையும் பரிவும் இரண்டு வெவ்வேறு மனிதரிடம் இருப்பன என்று நாம் எளிதாகப் பிரித்துவிடுகிறோம். அவை ஒரே கூண்டில்தான் இருந்தன. ‘யாருதுன்னு தெரியலீங்களே’ என்றதும் ‘என்னப் பெத்தவளே’ என்றதும் ஒரே வாய்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். அன்று சாலையில் பசுவின் தலையைத் தாங்கி நின்றபோது ஒரு கணம் நம் உள்ளத்தில் அச்சம் ஓடி மறைந்தது. 2015இல் உத்தரப்பிரதேசத்துத் தாத்ரியில் வீட்டில் மாட்டிறைச்சி வைத்திருந்ததாக வதந்தி பரப்பி ஒருவரை அடித்துக் கொன்றார்கள். அதன் பின்னரும் அத்தகைய செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறோம். விழுந்து கிடக்கும் பசு, அருகில் தொப்பியணிந்த ஒருவன். தொலைவிலிருந்து படமெடுத்தால் அப்படம் என்ன கதை சொல்லும்? ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் நம் பெயரைக் கேட்கவில்லை. தலையைத் தூக்கிப் பிடிக்கத்தான் சொன்னார்கள். எங்கள் ஊரைப் பற்றி நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக் கூடியது இது. விலங்கின் பெயரால் மனிதனைக் கொல்பவனுக்கு அவ்விலங்கின்மீதும் அன்பிருக்க முடியாது என்பது நம் துணிபு. அவன் காக்கப் புறப்பட்டதாகச் சொல்லும் பசுவை எந்தச் சாலையிலேனும் தண்ணீர் கொடுத்துத் தூக்கி நிறுத்தியிருப்பானா என்று கேட்டுப் பாருங்கள்.

இனி நம் பக்கம் வருவோம். ஊருக்குத் தெற்கே வடலூர் இருக்கிறது. 1867இல் இராமலிங்க அடிகளார் அங்கே தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றும் பசித்தவர்க்காக எரிகிறது. உயிர்க்கொலையும் புலால் உணவும் கூடாதென்று உறுதியாகச் சொன்னவர் அவர். தைப்பூசத்தையொட்டி அவர் நினைவு நாளில் இறைச்சிக் கடைகளை மூடச் சொல்லி அரசு ஆணையிடுவது வழக்கம். நம்மவர் சிலர் அதற்கு முணுமுணுப்பதுண்டு. ஒருநாள் கடை மூடுவதால் எவர் வீட்டு உலையும் கவிழ்ந்துவிடாது. ஆனால் வடலூர் நண்பர் ஒருவர் நம்மிடம் நேராகக் கேட்ட கேள்வி ஒன்றுண்டு: “ஒட்டகம் அழுதது, மானுக்குப் பிணை நின்றது என்றெல்லாம் வகுப்பில் உருகுகிறீர்கள், பக்ரீதுக்கு ஆட்டை அறுக்கிறீர்களே?” நாம் சிரித்து மழுப்பவில்லை. மழுப்பக்கூடிய கேள்வியன்று அது.

விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டில் வந்தது. முதன்முறை வதைத்தவர்க்கு அது விதிக்கும் தண்டம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய்வரை. அறுபது ஆண்டுகள் கடந்தும் அத்தொகை மாறாமலிருக்கிறது. இன்று ஒரு தேநீருக்கும் வடைக்கும் ஆகும் பணம். அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு, சமயம் விதிக்கும் முறைப்படி உயிரைக் கொல்வது குற்றமாகாது என்கிறது. நமக்கு இது சலுகை. சலுகை பெற்றவனுக்குப் பொறுப்பு கூடுதல். சட்டம் நம்மைக் கேட்காது; ஆகவே நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியவர்களாகிறோம். அறுப்பதற்குரிய உயிரின் கண்முன் கத்தியைத் தீட்டாதே, கத்தியைக் கூர்மையாக்கு, அதற்கு வேதனை தராதே என்றெல்லாம் மார்க்கம் கூறுவது எதனால்? அறுப்பவனின் நெஞ்சு மரத்துப் போகாமலிருக்க வேண்டும் என்பதனால்தான் என நாம் கருதுகிறோம். வடலூர் நண்பருக்கு இந்த விடை போதாது என்பது நமக்குத் தெரியும். நமக்கும் சென்ற ஆண்டுவரைதான் அது போதுமானதாயிருந்தது.

எம் அத்தா உயிரோடிருந்த காலத்தில் நோன்புப் பெருநாள் முடிந்த மறுவாரமே குர்பானிக் கிடாய் வீட்டுக்கு வந்துவிடும். இரண்டு மாதத்துக்கும் மேலாக அது எங்களோடு வளரும். பண்ருட்டிப் பக்கம் பலாமரத்துக்குப் பஞ்சமில்லை. பள்ளி விட்டதும் பலாத்தழை ஒடித்து வருவது எங்கள் வேலை. பெயர் வைக்கக் கூடாதென்று நன்னி சொல்வார்; நாங்கள் வைத்துவிடுவோம். பெருநாள் அன்று அழுவோம். ஒருமுறை கறி வேண்டாமென்று சோற்றைத் தள்ளிவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தோம். அத்தா அருகே வந்து உட்கார்ந்தார். அவர் கண்களும் சிவந்திருந்தன. “அழுவுறது தப்பில்லப்பா. அழுகை வரலன்னாத்தான் பயப்படணும்” என்றார். இப்ராஹீம் நபி தம் நெஞ்சுக்கு உகந்ததைக் கொடுக்க முன்வந்தார்கள் என்பதை அன்று அவர் விளக்கவில்லை. விளக்கம் தேவைப்படவில்லை.

சென்ற ஆண்டு நாம் என்ன செய்தோம்? கைப்பேசியில் வந்த படத்தைப் பார்த்தோம். எடை இத்தனை கிலோ, விலை இத்தனை என்றிருந்தது. பணம் அனுப்பினோம். பெருநாளுக்கு முந்தைய இரவு சிறு சரக்கு வண்டியில் முப்பது ஆடுகளோடு நெருக்கியடித்து அது வந்து சேர்ந்தது. மொட்டைமாடியில் கட்டினோம். இரவெல்லாம் கத்தியது, கதவைச் சாத்திக்கொண்டோம். தண்ணீர் வைத்தோமா என்பது இப்போதும் நினைவில்லை. காலையில் எம் ஏழு வயது மகள் கேட்டாள்: “அத்தா, இது எங்கேருந்து வந்துச்சு? இதுக்குப் பேரு என்ன?” நமக்கு எதுவும் தெரியாது. அந்த ஆடும் நம் குரலைக் கேட்டுத் தலையைத் திருப்பவில்லை. அன்று மதியம் மூவர் வீட்டுக்குப் பங்கு அனுப்பினோம், உண்டோம், ஒருவரும் அழவில்லை. எல்லாம் முறைப்படி நடந்தது. அந்த ஆட்டிடம் போய் இவன் யார் என்று கேட்டிருந்தால், யாரென்று தெரியவில்லை என்றுதான் அதுவும் சொல்லியிருக்கும்.

புளியமரத்தடியில் பசுவோடு உட்கார்ந்திருந்தவர் அஞ்சிப் பொய் சொன்னார். ஆனால் அவர் பசு அவரை அறிந்திருந்தது. நம்முடையதோ நம்மை அறியவே வாய்ப்பில்லாதபடி செய்துகொண்டோம். இவ்விரண்டில் எது கொடிது என்று ஊர்ப் பெரியவர்களும் சமுதாயத் தலைவர்களும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். யார் வீட்டு ஆடு எத்தனை ஆயிரம் என்று பள்ளிவாசல் முற்றத்தில் பேசிக்கொள்ளும் வழக்கத்தையேனும் நிறுத்திக்கொள்ளலாம்.

பெரிய காரியம் எதையும் நாம் கேட்கவில்லை. மாடு உடல் தினவு தீர உரசிக்கொள்வதற்கென்று மந்தையில் ஒரு கல்லை நட்டு, அதற்கு ஆவுரிஞ்சு தறி என்று பெயர் வைத்து, முப்பத்திரண்டு அறங்களுள் ஒன்றாக எண்ணியவர்கள் நம் முன்னோர். மாட்டுக்கு முதுகு அரித்தால் மனிதனுக்கென்ன என்று அவர்கள் கேட்கவில்லை. 2020இல் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடியில் தெருவிளக்குப் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டதைக் கண்டு, குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேல் ஊரார் தெருவிளக்கைப் போடாமல் இருட்டில் நடந்தார்கள். அதே மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியில் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இவ்வூரார் நம்மைவிட வசதி படைத்தவர்களல்லர். நெடுஞ்சாலையை ஒட்டிய எங்கள் தெருமுனையில் ஒரு தண்ணீர்த் தொட்டி வேண்டும். இரவில் மாடுகள் வந்து படுக்கச் சாலைக்கு அப்பால் ஒரு மேடான இடம், மேலே ஒரு கூரை வேண்டும். தேநீர்க் கடைக்காரர் தொட்டிக்குச் செங்கல் தருவதாகச் சொல்லிவிட்டார். மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தந்தால் போதும்.

இந்த ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்த மறுவாரமே கிடாய் வாங்கிவிட்டோம். வாசலில்தான் கட்டியிருக்கிறது. அந்த மனிதர் இப்போது ஒரு பலாத்தோப்பில் காவல் வேலை செய்கிறார். கன்றையும் அங்கேயே கட்டிக்கொள்ள இடம் கிடைத்திருக்கிறது. வாரம் இரண்டு நாள் மாலையில் ஒரு கட்டுப் பலாத்தழை கொண்டுவந்து எம் வாசலில் போட்டுவிட்டுப் போகிறார்; காசு கொடுத்தால் வாங்குவதில்லை. மகள் கிடாய்க்குப் பெயர் வைத்துவிட்டாள். நேற்று கல்லூரியிலிருந்து வந்து வண்டியை நிறுத்தியபோது, அது கயிற்றை இழுத்துக்கொண்டு நம் பக்கம் வந்தது. உள்ளேயிருந்து மகளின் குரல் கேட்டது: “அம்மா, அத்தா வந்துட்டாங்க. அவன் பாத்துட்டான்.”

திணை வழு. திருத்தவில்லை. பெருநாளுக்கு இன்னும் நாற்பத்தைந்து நாட்கள் இருக்கின்றன.